ஜன்னல் வெயிலும் கம்பி நிழலும் படத்தில் வெளுத்துப்போகின்றன, என்ன செய்யலாம்?

கேள்வி:
காலையில் ஜன்னல் வழியாக வெயில் இறங்கி எதிர்ச் சுவரில் கம்பி நிழல் பட்டை பட்டையாக விழும். பார்க்க அவ்வளவு அழகு. மொபைலில் எடுத்தால் வெயில் பட்ட இடம் வெறும் வெள்ளையாகிவிடுகிறது, நிழலோ சாம்பல் பூத்த மாதிரி வருகிறது. கம்பி நிழலின் ஓரமும் மங்கல், ஃபோகஸ் பிரச்சினையா? மேனுவல் வசதியுள்ள கேமராவும் இருக்கிறது, அதில் என்ன வைத்துத் தொடங்கலாம் என்றும் சொல்லுங்கள்.

பதில் 1:
படத்தில் பாதிக்கு மேல் இருட்டான அறைதான் இருக்கும், மொபைல் அதைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டிவிடுகிறது, அதனால்தான் வெயில் வெளுக்கிறது. திரையில் வெயில் பட்ட இடத்தை விரலால் அழுத்திப் பிடியுங்கள், பெரும்பாலான மொபைல்களில் எக்ஸ்போஷர் (படம் வாங்கும் வெளிச்சத்தின் அளவு) பூட்டிக்கொள்ளும், அப்புறம் பக்கத்தில் வரும் சூரியக் குறியைச் சுவரின் சொரசொரப்பு தெரியும்வரை கீழே இழுங்கள். எச்டிஆரை (வெவ்வேறு வெளிச்ச அளவில் எடுத்த படங்களை ஒன்றாகச் சேர்க்கும் வசதி) அணைக்க வழி இருந்தால் அணைத்துவிடுங்கள், நிழலைத் தூக்கிக் காட்டுவதே அதன் வேலை, உங்களுக்கு வேண்டியது நேர் எதிர். அறை விளக்கும் எரியக் கூடாது.

பதில் 2:
கேமராவுக்கு: சுவரில் விழுவது வெளியே அடிக்கிற அதே வெயில்தான், வீட்டுக்குள் இருக்கிறோம் என்பதை மறந்துவிட்டு வெட்டவெளிக்கு வைப்பதுபோல வையுங்கள். நல்ல வெயிலுக்கு எஃப் 16 (லென்ஸ் துளையின் அளவு, எண் கூடினால் துளை சிறுக்கும்), ஐஎஸ்ஓ 100 (ஒளியை உணரும் திறன்), ஷட்டர் 1/100 வினாடி என்பது பழைய கணக்கு. எஃப் 8 என்றால் 1/400. தாழ்ந்த காலை வெயில் கொஞ்சம் பலவீனமானது, கண்ணாடியும் சிறிது குடிக்கும், ஆகவே ஒன்றிரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் இரு மடங்கு வெளிச்சம்) கூட்டிப் பாருங்கள். ரா கோப்பாக (கேமரா மெருகேற்றாத மூலக் கோப்பு) எடுப்பது நல்லது, முற்றிலும் வெளுத்த இடத்தைப் பிறகு மீட்க முடியாது.

பதில் 3:
ஓரம் மங்குவதற்கும் ஃபோகஸுக்கும் அநேகமாகச் சம்பந்தமில்லை. சூரியன் ஒரு புள்ளி அல்ல, வானத்தில் சுமார் அரை டிகிரி அகலம். அதனால் நிழல் விழும் பொருள் சுவரிலிருந்து 1 மீட்டர் தள்ளி இருந்தால் ஓரம் ஏறக்குறைய 9 மில்லிமீட்டர் அகலத்துக்குக் கரையும், 2 மீட்டரில் அது இரட்டிப்பு. ஒன்றரை சென்டிமீட்டர் தடிமனுள்ள கம்பிக்கு அந்தத் தூரத்தில் முழு இருட்டான நடுப்பகுதியே மிஞ்சாது. எந்த லென்ஸாலும் இதைக் கூராக்க முடியாது. கூர்மை வேண்டுமானால் ஜன்னலுக்குப் பக்கத்துச் சுவரையோ தரையையோ தேர்ந்தெடுங்கள், இல்லாவிட்டால் ஒரு செடியையோ நாற்காலியையோ சுவரை ஒட்டி வையுங்கள். என்னைக் கேட்டால் கூரும் மங்கலும் ஒரே படத்தில் இருப்பதுதான் அழகு.

கேள்வி கேட்டவர்:
எக்ஸ்போஷரைக் குறைத்ததும் சுவர் அப்படியே தெரிகிறது, மிக்க நன்றி! ஆனால் வெயிலின் பொன்னிறம் போய்விட்டது, ஒவ்வொரு படமும் வேறு வேறு நிறம்.

பதில் 2:
ஆட்டோ ஒயிட் பேலன்ஸ், அதாவது கேமரா தானாகவே நிறத்தைச் சரிசெய்வதுதான் காரணம். 5500 கெல்வினுக்குப் பக்கத்தில், அதாவது பகல் வெயில் குறியில் நிறுத்திவிடுங்கள். நிழல் லேசாக நீலம் காட்டும், அங்கே வருவது வானத்தின் வெளிச்சம், அதைத் திருத்த வேண்டாம்.