பப்பாளி விதைத் தூள் ஆண்களுக்குக் கருத்தடை ஆகுமா?

காட்பாடிக்காரன்: குடியாத்தம் பக்கம் நாட்டு மருந்துக் கடையில் பப்பாளி விதைத் தூள் தர்றாங்க. தினம் ஒரு ஸ்பூன், ஆணுறை வேண்டாம்னு சொல்றாங்க. நம்பலாமா சார்?

மருந்தியல்: நம்பாதீங்க. பப்பாளி விதையை ஆண் கருத்தடைக்குச் சோதிச்ச ஜெய்ப்பூர் ஆய்வில் குரங்குகளுக்குக் கொடுத்தது குளோரோஃபார்மில் பிரித்த சாறு, கிலோ எடைக்கு 50 மி.கி. வெறும் தூள் அது இல்லை. ஒரு ஸ்பூனில் மருந்துச் சரக்கு எவ்வளவுன்னு யாரும் அளக்கல. விந்தணு உருவாக சுமார் 74 நாள் ஆகும். உண்மையிலேயே வேலை செய்ற மருந்தானாலும் முதல் மூணு மாசம் பாதுகாப்பு கிடையாது.

ஆற்காடு_வெட்: மனுஷங்கள்ல பெரிய அளவில் சோதிச்சது பருத்திக்கொட்டையில இருக்கிற காசிபோல்ங்கிற பொருளை. 1970-களில் சீனாவில் 8000 பேருக்கு மேல். தினம் 20 மி.கி., விந்தணு எண்ணிக்கை குறைஞ்சதும் வாரம் 50 மி.கி. அளவில். பலன் இருந்துச்சு. ஆனா சிலருக்கு ரத்தத்தில் பொட்டாசியம் இறங்கி கைகால் சோர்ந்துபோச்சு, பத்தில் ஒருத்தருக்காவது விந்தணு திரும்பல. அதோட கைவிட்டாங்க. (மாட்டுக்குப் போடறோமேன்னு கேட்காதீங்க, அசைபோடும் வயிறு அதைப் புரதத்தோட கட்டிடும். கன்னுக்குட்டிக்கு ஆகாது.)

காட்பாடிக்காரன்: அப்ப இனி குழந்தை வேண்டாம்னா?

மருந்தியல்: தழும்பில்லாத வாசக்டமி (ஆண்களுக்கான கருத்தடை ஆபரேஷன்), அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். மூணு மாசம் கழிச்சு விந்துப் பரிசோதனையில் அணு இல்லைன்னு வர்ற வரைக்கும் ஆணுறை போடணும். பலர் கோட்டை விடறது இங்கதான்.