சேவையாக இயக்கும்போது மட்டும் அமைவுக் கோப்பு கிடைக்காமல் போவது ஏன்?

கேள்வி:
பைத்தானில் எழுதிய என் நிரல், ‘கான்ஃபிக்’ அடைவுக்குள் உள்ள ஒரு யாமல் (அமைவுகளை எழுதும் உரை வடிவம்) கோப்பிலிருந்து தன் அமைவுகளைப் படிக்கிறது. நிரல் இருக்கும் அடைவுக்குச் சென்று டெர்மினலில் இயக்கினால் சரியாக ஓடும் இது, லினக்ஸில் பின்னணிச் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி வழியாகச் சேவையாகத் தொடங்கினால் கோப்பு இல்லை என்ற பிழையோடு நின்றுவிடுகிறது. கோப்பு அதே இடத்தில்தான் இருக்கிறது. அனுமதிகளும் சரியாக உள்ளன. சோதனைக் கணினியிலும் சர்வரிலும் அடைவுகள் வேறுபடுவதால், முழுப் பாதையை நிரலுக்குள் எழுத விரும்பவில்லை. சார்புப் பாதை (முழுமையாக எழுதப்படாத பாதை) எந்த இடத்திலிருந்து கணக்கிடப்படுகிறது?

மறுமொழி 1:
லினக்ஸில் சாய்கோட்டில் தொடங்கும் பாதை ரூட் அடைவிலிருந்து தேடப்படும். அப்படித் தொடங்காதது, அந்த ப்ராசஸின் (இயங்கிக்கொண்டிருக்கும் நிரலின்) நடப்பு அடைவிலிருந்து தேடப்படும். நிரல் கோப்பு எங்கே இருக்கிறது என்பதை இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் இதில் பார்ப்பதே இல்லை. டெர்மினலில் இயக்கும்போது, கட்டளைகளை வாங்கி இயக்கும் ஷெல்லின் நடப்பு அடைவு நிரலுக்கு அப்படியே வந்துசேர்வதால்தான் உங்கள் கோப்பு கிடைத்தது. சிஸ்டம்டியோ, வேறெதுவும் குறிப்பிடாதபோது, கணினி அளவிலான சேவைகளை ரூட் அடைவிலிருந்தே தொடங்குகிறது. இதே நிரலை, குறித்த நேரத்தில் நிரல்களை இயக்கும் கிரானில் போட்டால், வழக்கமாகப் பயனரின் ஹோம் அடைவில் தேடும். சேவைக் கோப்பில் ‘வொர்க்கிங்டைரக்டரி’ வரியைச் சேர்த்தால் இப்போதைக்கு வேலை நடக்கும். அதைவிட முக்கியமாக, பிழைச் செய்தியில் எந்த முழுப் பாதையில் தேடினோம் என்பதை அச்சிடுங்கள். ‘கோப்பு இல்லை’ என்று மட்டும் சொல்லும் செய்தி, சரிசெய்ய வருபவருக்கு எதையும் சொல்வதில்லை.

மறுமொழி 2:
‘வொர்க்கிங்டைரக்டரி’ வரி சேவையை மட்டுமே காப்பாற்றும். நாளை ஒருவர் வேறு அடைவிலிருந்து கையால் இயக்கினால் மீண்டும் அதே பிழைதான். பைத்தானின் பாத்லிப் நூலகம் கொண்டு நிரல் கோப்பின் முழு இருப்பிடத்தைக் கண்டறிந்து, அதன் தாய் அடைவை அடிப்படையாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் பைத்தான் தொகுப்புகளை நிறுவும் பிப் வழியாக நிறுவப்படும் நிரலுக்கு இது பொருந்தாது, ஏனெனில் பயனரின் அமைவுகள் நூலகங்களோடு கிடக்கக் கூடாது. அப்போது கட்டளை வரியிலோ சூழல் மாறியிலோ (நிரலுக்கு வெளியிலிருந்து தரப்படும் மதிப்பு) பாதையைப் பெறுவதே முறை. கட்டளை வரியில் தட்டச்சிடப்படும் சார்புப் பாதையை நடப்பு அடைவிலிருந்துதான் கணக்கிட வேண்டும். தட்டச்சிடுபவர் எதிர்பார்ப்பதும் அதுவே.

மறுமொழி 3:
அமைவுக் கோப்புக்குள்ளேயே பிற கோப்புகளின் பாதைகள் இருந்தால், அவற்றை அந்த அமைவுக் கோப்பின் அடைவிலிருந்து கணக்கிடுங்கள். பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவியான கிட் தன் அமைவுக் கோப்பில் ‘இன்க்ளூட்’ வழியாகச் சேர்க்கப்படும் கோப்புகளை இப்படித்தான் தேடுகிறது. அடைவை மொத்தமாக இடம் மாற்றினாலும் தொடர்பு அறுவதில்லை. ஹோம் அடைவைக் குறிக்கும் டில்டே (~) குறியை விரிப்பது ஷெல்லின் வேலை என்பதால், யாமலுக்குள் அதை எழுதினால் பைத்தானின் ‘எக்ஸ்பாண்ட்யூசர்’ மூலம் நிரலே விரித்துக்கொள்ள வேண்டும்.