பந்தியில் மறுமுறை பரிமாறும்போது எவ்வளவு வற்புறுத்தலாம்?

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். வரும் தை மாதம் செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் உள்ள எங்கள் பூர்வீக வீட்டில் அப்பச்சியின் (அப்பாவின்) மணிவிழா நடக்கவிருக்கிறது. சமையலுக்கு ஆள் வைத்திருந்தாலும், பரிமாறுவதை வீட்டுப் பிள்ளைகளே செய்ய வேண்டும் என்பது அப்பச்சியின் விருப்பம். பிள்ளைகளோ வெளியூரில் வளர்ந்தவர்கள். விருந்தினர் வேண்டாம் என்ற பிறகும் வைப்பது உபசாரமா, விட்டுவிட்டால் குறையாகப் பேசுவார்களா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மறுமொழி (தேவகோட்டையிலிருந்து):
தம்பி, முதல்முறை எதையும் கொஞ்சமாகவே வைக்கச் சொல்லுங்கள். திரும்ப வருவார்கள் என்று தெரிந்தால் விருந்தினரும் நிதானமாகச் சாப்பிடுவார்கள். இலை நுனி உண்பவரின் இடப்பக்கம் இருக்க வேண்டும் என்பதையும், உப்பு, இனிப்பு, கூட்டு, பொரியல் மேல்பாதியிலும் சோறு கீழ்ப்பாதியிலும் வர வேண்டும் என்பதையும் முந்தின நாளே ஓர் இலை போட்டுக் காட்டிவிடுங்கள். குழம்பு ஊற்றுகிறவர், சாப்பிடுகிறவர் சோற்றில் குழி செய்து முடிக்கும்வரை நின்று, கரண்டியின் அடியை வாளி விளிம்பில் வழித்துவிட்ட பிறகே ஊற்ற வேண்டும். இல்லாவிட்டால் பக்கத்தில் இருப்பவரின் பட்டுப்புடவையில் சொட்டும். கரண்டி இலையில் பட்டுவிட்டால் வாளியே எச்சில் என்று பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள்.

'போதுமா?' என்று கேட்க வேண்டாம்; எழுந்திருக்கச் சொல்வதுபோல் ஆகிவிடும். 'கும்மாயம் இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா?' என்று பண்டத்தின் பெயரைச் சொல்லியே கேளுங்கள். இலைக்கு மேல் கையைக் குறுக்கே நீட்டிவிட்டால் அதோடு விட்டுவிட வேண்டும். புதுச் சம்பந்தி வீட்டார் கூச்சத்தில் மறுப்பார்கள் என்பதால் அவர்களிடம் மட்டும் இன்னொரு தடவை கேட்கலாம். சர்க்கரை நோய் உள்ளவர் இலையில் கேட்காமல் கந்தரப்பத்தை வைத்துவிட்டு அதை அன்பு என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

மறுமொழி (பள்ளத்தூர் ஆச்சி):
அண்ணன் சொன்னது சரி. முட்டிவலிக்காரர்களைப் பந்திப்பாயில் உட்காரச் சொல்லாமல், அதே இடத்திலேயே மேசை போடுங்கள். தனி அறைக்கு அனுப்பினால் மனம் வருந்தும். வரிசையில் கடைசி ஆள் சாப்பிட்டு முடிக்கும்வரை யார் இலையையும் எடுக்கக் கூடாது. கடைசிப் பந்தியில் உட்காரும் சமையல்காரர்களுக்கும் ஓட்டுநர்களுக்கும், முதல் பந்தியில் வைத்த அத்தனையும் இருக்க வேண்டும். பல வீடுகளில் அவர்களுக்குச் சோறும் ரசமும்தான் மிஞ்சுகின்றன.

கேட்டவர்:
மிக்க நன்றி ஆச்சி, நன்றி அண்ணே. கடைசிப் பந்திக்கென்று எல்லாப் பண்டங்களிலும் முன்கூட்டியே தனியாக எடுத்துவைக்கும்படி சமையல் மேஸ்திரியிடம் இன்றே சொல்லிவிடுகிறேன்.