மறு: பக்க இணைப்பு இன்வெர்ட்டர்களுக்குள் ஓடும் மின்னோட்டம் – தமிழில் என்ன சொல்?

தொடக்க மடல்

குழுவினருக்கு வணக்கம்.

மின்வாரிய இணைப்பு இல்லாத வீட்டு சோலார் அமைப்புகளுக்கான பழுதுபார்ப்புக் கையேட்டில் பக்க இணைப்பு அத்தியாயம் ஒரே ஒரு சொல்லுக்காகக் காத்திருக்கிறது. இரண்டு 5 கிலோவாட் இன்வெர்ட்டர்களின் வெளியீட்டை ஒன்றாகச் சேர்க்கிறோம். ஒன்றிலிருந்து கிளம்பும் மின்னோட்டத்தில் ஒரு பகுதி வீட்டுக்குப் போகாமல் மற்ற இன்வெர்ட்டருக்குள் நுழைந்து திரும்பி வருகிறது. ஆங்கிலத்தில் சர்க்குலேட்டிங் கரன்ட். வரைவில் 'சுழல் மின்னோட்டம்' என்று எழுதிவிட்டேன், ஆனால் உறுத்துகிறது.

அளவு தெரிந்தால் சொல் தேட வசதி. ஒன்று 231 வோல்ட், இன்னொன்று 229 வோல்ட் தருகிறது என்று வையுங்கள். தனித்தனியே அளந்தால் இரண்டுமே நல்ல இன்வெர்ட்டர்கள்தான். இரண்டுக்கும் நடுவே உள்ள பாதையின் மொத்த மின் எதிர்ப்பு 0.1 ஓம் என்றால், அந்த 2 வோல்ட் வித்தியாசமே 20 ஆம்பியரை ஓட்டிவிடும். வோல்ட் சமமாக இருந்து கட்டம் (அலை ஏறி இறங்கும் நேரப் பொருத்தம்) மட்டும் 1 பாகை விலகினால் வித்தியாசம் 4 வோல்ட், ஓட்டம் 40 ஆம்பியர். அதிர்வெண்ணில் 0.01 ஹெர்ட்ஸ் பிசகினால் கட்டம் நொடிக்கு 3.6 பாகை நழுவும். 50 நொடியில் இரண்டும் எதிரெதிராக நின்று நடுவில் 460 வோல்ட் வந்துவிடும். அதற்கு வெகு முன்பே பாதுகாப்புச் சுற்று வெட்டும், இல்லையேல் இன்வெர்ட்டருக்குள் மின்சாரத்தைத் திறந்து மூடும் மாஸ்பெட் போய்விடும். பக்க இணைப்பு வசதி இல்லாத சாதாரண இன்வெர்ட்டர்கள் இரண்டை ஒரே சுவிட்ச் போர்டில் சேர்க்கவே கூடாது என்பதற்குக் காரணம் இதுதான்.

இந்த ஓட்டத்துக்கு ஒரு பெயர் வேண்டும்.

மறுமொழி 1

ஐயா, சுழல் மின்னோட்டம் வேண்டாம். பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலில் அது, உலோகத்துக்குள்ளேயே சுழலும் எடி கரன்ட்டுக்குப் போய் உட்கார்ந்துவிட்டது. வேறு துறைச் சொல்லாக இருந்தால்கூடச் சமாளிக்கலாம். டிரான்ஸ்ஃபார்மர் வைத்த இன்வெர்ட்டரின் இரும்பு உள்ளகத்தில் எடி கரன்ட்டும் ஓடுகிறது, அதனாலும் சூடு உண்டு. 'சுழல் மின்னோட்டத்தால் இன்வெர்ட்டர் சூடாகிறது' என்று கையேட்டில் எழுதினால், படிப்பவர் உள்ளகத் தகடுகளைச் சந்தேகிப்பார். இணைப்பு வயரைப் பார்க்க மாட்டார்.

'சுற்றோட்டம்' என்று வைத்தால் என்ன? சர்க்குலேஷனுக்கு நேரான சொல்.

மறுமொழி 2

வணக்கம். இலங்கையிலிருந்து எழுதுகிறேன்.

> 'சுற்றோட்டம்' என்று வைத்தால் என்ன?

குருதிச் சுற்றோட்டம் என்று பள்ளிக்கூடத்திலேயே படித்து விட்டோமே. அதுகூடப் பெரிய தடையில்லை. என் மறுப்பு வேறு. மின்சுற்றில் ஓடுகிற எந்த ஓட்டமும் சுற்றித்தான் வருகிறது. மோட்டருக்குப் போவதும் சுற்றோட்டம், பல்புக்குப் போவதும் சுற்றோட்டம். ஆங்கிலச் சொல்லே இந்த இடத்தில் சோம்பலான சொல். அதை எழுத்துக்கு எழுத்துப் பின்பற்றினால் அதன் சோம்பலும் கூடவே வரும்.

இந்த ஓட்டத்தைத் தனியாகக் காட்டுவது அது ஓடுகிற இடம். இரண்டு இயந்திரங்களுக்கு இடையே மட்டும் போய்வருகிறது. ஆகவே 'இடையோட்டம்'. எங்கள் பாடநூல்களில் ஆடலோட்டம், நேரோட்டம் என்றுதான் ஏ.சி., டி.சி.யைச் சொல்லுகிறோம். அந்த வரிசையில் இதுவும் பொருந்தும். நீங்கள் பக்க இணைப்பு என்பதை நாங்கள் சமாந்தர இணைப்பு என்போம். 'இடையோட்டம்' இரண்டு வழக்கிலும் உறுத்தாது.

மறுமொழி 3

இடையோட்டம் நல்ல சொல். ஆனால் ஏணியில் நிற்பவனுக்கு உதவுமா என்று பார்க்க வேண்டும். வயரைச் சுற்றிக் கவ்வி ஓட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டரை வைத்துக்கொண்டு 'இது இடையோட்டம், இது இல்லை' என்று பிரிக்க முடியாவிட்டால் எந்தச் சொல் வைத்தும் பயனில்லை.

முதல் சோதனை சுமை இல்லாமல். வீட்டு மெயினை இறக்கிவிட்டு இரண்டு இன்வெர்ட்டர்களின் வெளியீட்டு எம்சிபிக்களை (தானாக வெட்டும் சுவிட்சுகளை) மட்டும் போட்டு வையுங்கள். ஒவ்வொன்றின் பேஸ் வயரிலும் கிளாம்ப் போடுங்கள். அரை, முக்கால் ஆம்பியர் காட்டினால் விட்டுவிடலாம். ஒன்றின் வடிகட்டி மின்தேக்கிக்கு மற்றது கொடுப்பது அது. 10 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றே 230 வோல்ட்டில் 0.7 ஆம்பியர் இழுக்கும். 3, 4 ஆம்பியர் என்றால் விசாரிக்க வேண்டும். அடுத்து இரண்டு பேஸ் வயரையும் ஒரே திசையில் ஒரே கிளாம்புக்குள் விடுங்கள். காட்டி பூஜ்யத்துக்கு இறங்கினால் வீட்டுக்கு எதுவும் போகவில்லை, இரண்டும் தங்களுக்குள்ளேயே கொடுத்து வாங்கிக்கொள்கின்றன என்பது உறுதி.

சுமை இருக்கும்போதும் இதே வேலைதான். தனித்தனியாக அளந்து கையால் கூட்டுங்கள், பிறகு இரண்டையும் சேர்த்து அளங்கள். இன்வெர்ட்டர் 'அ' 7 ஆம்பியர், இன்வெர்ட்டர் 'ஆ' 3 ஆம்பியர், சேர்த்தால் 10 என்றால் கைக்கூட்டும் கிளாம்ப் கூட்டும் ஒன்று. பங்கீடு சரியில்லை, அவ்வளவுதான். 'அ' 13, 'ஆ' 3, சேர்த்தால் 10 என்றால் கைக்கூட்டு 16. கட்டம் விலகியிருக்கிறது அல்லது 'ஆ' உள்வாங்குகிறது. இதைத்தான் இடையோட்டம் என்று சொல்ல வேண்டும். கணக்குப் புத்தகம் இரண்டு ஓட்டங்களின் வித்தியாசத்தில் பாதியை எடுத்து, முதல் நிலையையும் இதே பெயரில் சேர்த்துக்கொள்ளும். பழுது பார்ப்பவருக்கு அந்தக் கலப்பு கெடுதல், ஏனென்றால் இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

இன்வெர்ட்டர் திரையில் வரும் பழுது எண்களும் இப்படித்தான் பிரிகின்றன. வோல்ட்ரானிக் நிறுவனத்தின் தயாரிப்பு பல பெயர்களில் இங்கே விற்கிறது. அதில் 85 என்றால் வெளியீட்டு ஓட்டம் சமமாக இல்லை, 60 என்றால் ஓட்டம் இன்வெர்ட்டருக்குள் திரும்பி நுழைகிறது. கடைக்காரர் இரண்டுக்கும் 'பேரலல் கம்ப்ளெய்ன்ட்' என்றே சொல்லிப் போர்டை மாற்றச் சொல்வார்.

60 வந்தால் போர்டைத் தொடாதீர்கள். முதலில் எல்லா இன்வெர்ட்டரிலும் பேஸ், நியூட்ரல் இடம் மாறாமல் இருக்கிறதா பாருங்கள். ஒன்றில் மாறியிருந்தால், நியூட்ரல்களை மட்டும் இணைத்து, பேஸ் எம்சிபியைப் போடாமல், இரண்டு பேஸுக்கும் நடுவே அளந்தால் 460 வோல்ட் காட்டும். ஒத்திசைந்த இரண்டுக்கு நடுவே ஓரிரு வோல்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. 600 வோல்ட் தாங்கும் மீட்டர் வேண்டும். மீட்டர் இல்லையென்றால் இரண்டு 230 வோல்ட் குண்டு பல்புகளைத் தொடராக இணைத்து அந்த இடத்தில் போடலாம். ஜெனரேட்டர் சேர்க்கும் பழைய ஆட்களின் முறை. பல்பு இருண்டிருந்தால் சேர்க்கலாம், எரிந்தால் கூடாது.

அடுத்து வடங்கள். இவற்றில் தகவல் வடம் வேறு, ஓட்டப் பங்கீட்டு வடம் வேறு. தகவல் வடம் இருந்து பங்கீட்டு வடம் விட்டுப்போனாலும் 60 வரும். ஒரே பேஸில் உள்ளவற்றுக்குத்தான் பங்கீட்டு வடம். மூன்று பேஸ் அமைப்பில் ஒரு பேஸிலிருந்து இன்னொன்றுக்கு அதைப் போடக் கூடாது. 72 பங்கீட்டுப் பழுது, 80 தகவல் வடப் பழுது, 82 ஒத்திசைவு இழப்பு. 86 வந்தால் வெளியீட்டு முறைக்கான அமைப்பு எண் 28 எல்லாவற்றிலும் ஒத்துப்போகவில்லை. ஒற்றை பேஸ் வீடென்றால் எல்லாவற்றையும் ஒற்றை பேஸ் பக்க இணைப்புக்கு மாற்றுங்கள். இயந்திரத்தின் சுவிட்சை அணைத்தால்தான் அந்த அமைப்பு மாறும். 71 என்றால் மென்பொருள் பதிப்பு வேறு. பழைய இயந்திரத்தோடு புதிதாக ஒன்று வாங்கிச் சேர்ப்பவர்களுக்கு இதுவே முதலில் வருவது.

மறுமொழி 4

85 பற்றி முந்தைய மடலில் அதிகம் இல்லை, டி.சி. பக்கத்தை மறந்துவிட்டோம். 35 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் மீட்டருக்கு ஏறக்குறைய அரை மில்லிஓம். பேட்டரியிலிருந்து 'அ'வுக்கு 1 மீட்டர், 'ஆ'வுக்கு 3 மீட்டர் என்று வயர் போட்டால் போக வர 1 மில்லிஓம், 3 மில்லிஓம். 100 ஆம்பியரில் 0.1 வோல்ட், 0.3 வோல்ட் இறக்கம். இதுவே தனியாகப் பெரிய கெடுதல் செய்யாது. வயர் முனையில் சரியாக அழுத்தாத லக் ஒன்று 5 மில்லிஓம் சேர்த்தால்தான் வினை: அரை வோல்ட் கூடுதல் இறக்கம், அந்த லக்கிலேயே 50 வாட் சூடு. 'ஆ' பேட்டரி தாழ்ந்துவிட்டதாக நினைத்து முதலில் வெட்டும். முழுச் சுமையும் 'அ' மீது விழும். அது மிகைச்சுமையில் வெட்டும். வீடு இருண்டபின் போய் அளந்தால் இரண்டிலும் வோல்ட் சரியாக இருக்கும்! சுமை ஓடும்போது ஒவ்வொரு இன்வெர்ட்டரின் பேட்டரி முனையிலும் அளந்தால்தான் பிடிபடும். 83 வந்தாலும் இதையே பார்க்க வேண்டும். அது இயந்திரங்களுக்கிடையே பேட்டரி வோல்ட் வேறுபடுகிறது என்பதற்கான எண்.

ஆகவே நீளமும் தடிமனும் சமமான வயர், ஒரே பேட்டரி வங்கி, ஒவ்வொரு இன்வெர்ட்டருக்கும் தனி ஃப்யூஸ். ஏ.சி. வெளியீட்டு வயரும் சம நீளம். அங்கே அளவுக்கு மீறித் தடிமன் போட்டாலும் பங்கீடு கெடும். சிறு எதிர்ப்பு இருப்பது நல்லது, 20 ஆம்பியரைத் தடுப்பது அதுதான். விக்ட்ரான் இன்வெர்ட்டர் நிறுவனத்தின் கையேடும் பக்க இணைப்பில் ஏ.சி. வயரை மிகத் தடிமனாகப் போடாதே என்றே சொல்கிறது.

சொல்லுக்கு வருகிறேன். 'இடையோட்டம்' எனக்கும் சரி, ஆனால் ஒரு எல்லை வேண்டும். டெல்டா இணைப்புள்ள டிரான்ஸ்ஃபார்மர் சுருளுக்குள் மூன்றாம் ஹார்மோனிக் (மூன்று மடங்கு அதிர்வெண்ணில் வரும் ஓட்டம்) ஓடுவதையும் ஆங்கிலத்தில் சர்க்குலேட்டிங் கரன்ட் என்பார்கள். அங்கே ஒரே இயந்திரம், மூடிய முக்கோணம். இடை ஏது? அதை 'வளையோட்டம்' என்று தனியே வைக்கலாம். மறுபக்கம், பக்க இணைப்பில் உள்ள இரண்டு பேட்டரி வரிசைகளில் ஒன்று மற்றதை நிரப்புவதும், இரண்டு டிரான்ஸ்ஃபார்மர்கள் பக்க இணைப்பில் ஓடும்போது வருவதும் இடையோட்டம்தான்.

மறுமொழி 5

'வீணோட்டம்' என்று யாராவது சொல்வார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன், சொல்லவில்லை. நல்லது. பேட்டரி வரிசைகளுக்கு நடுவே ஓடுவது வீண் இல்லையே.

60க்குத் தனிச்சொல் தேவை. 'திரும்பு ஓட்டம்' என்றால் நியூட்ரலில் வருவதும் திரும்புவதுதான். வெளியே கொடுக்க வேண்டியது உள்ளே வாங்குகிறது, எனவே 'எதிரூட்டம்'. அதன் விளைவும் தனி: உள்வாங்கும் இயந்திரத்தின் உள் டி.சி. பஸ்ஸில் (உள்ளே டி.சி. தங்கும் பொதுத் தடத்தில்) வோல்ட் ஏறும், 08 காட்டும். 60க்குப் பக்கத்தில் 08 வந்தால் இரண்டையும் இரண்டு பழுதாக எண்ணி அலைய வேண்டாம்.

தொகுப்பு மடல்

நன்றி. கையேட்டில் பின்வருமாறு சேர்க்கிறேன். மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.

இடையோட்டம்: பக்க இணைப்பில் உள்ள மின்மூலங்களுக்குள் மட்டும் சென்று திரும்பும் மின்னோட்டம், சுமைக்குச் சேராது. இன்வெர்ட்டர்களில் கண்டறிதல்: கைக்கூட்டு கிளாம்ப் கூட்டைவிட மிகும்.

பங்கீட்டுப் பிழை: இரண்டும் சுமைக்கே தருகின்றன, அளவு சமமில்லை. இரண்டு கூட்டும் ஒன்றாக இருக்கும். பழுது எண் 85. பார்க்க வேண்டியவை: வயர் நீளம், லக், சுமையோடு பேட்டரி முனை வோல்ட்.

எதிரூட்டம்: இடையோட்டம் முற்றி ஓர் இயந்திரம் ஆற்றலை உள்வாங்கும் நிலை. பழுது எண் 60, சில வேளை கூடவே 08. பார்க்க வேண்டியவை: பேஸ்–நியூட்ரல் இடமாற்றம், பங்கீட்டு வடம். பேட்டரி பிரேக்கரையும் சோலார் பேனல் பிரேக்கரையும் இறக்கி, உள் மின்தேக்கிகள் வடிய 5 நிமிடமாவது விட்ட பிறகே வடத்தைக் கழற்றவும்.

வளையோட்டம்: டெல்டாச் சுருளுக்குள் ஓடுவது. இந்தக் கையேட்டில் வராது, சொல் பட்டியலில் மட்டும்.

இலங்கைப் பதிப்பில் பக்க இணைப்பு வரும் இடங்களில் சமாந்தர இணைப்பு என்றே போடுகிறேன். 'ஒத்திசைவு' இரண்டுக்கும் பொது. மாஸ்டர், ஸ்லேவ் இரண்டும் இன்னும் வரைவில் அப்படியே கிடக்கின்றன. 81ஆம் எண் தலைமை இயந்திரம் தொலைந்ததைக் குறிப்பதால், 'தலைமை', 'துணை' என்று போட்டு அனுப்புகிறேன். யாருக்காவது வேறு யோசனை இருந்தால் அச்சுக்குப் போகும் முன் சொல்லிவிடுங்கள்.