சித்திரை நட்சத்திரம் ஏன் முட்டை வடிவம்?

கேள்வி (பாலக்கோடு): மாந்தோப்புக் காவலில் கயிற்றுக்கட்டிலில் படுத்திருந்தால் தெற்கே உயரத்தில் சித்திரை நீலவெள்ளையாக மின்னுகிறது. அது 4 நாளுக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றும் இரட்டை விண்மீனாம். அந்த ஈர்ப்பு அவற்றின் தற்சுழற்சியை மாற்றுமா அண்ணா?

பதில் (ஓசூர்): நன்றாகவே மாற்றும் தம்பி. நெருக்கத்தில் இரண்டும் இழுபட்டு முட்டை போலப் புடைக்கின்றன; சுற்றிவருவதைவிட வேகமாக விண்மீன் சுழன்றால் புடைப்பு துணையைத் தாண்டி முன்னே போகும், துணை அதைப் பின்னுக்கு இழுக்கும், சுழற்சி மெல்ல மெல்லக் குறைந்து கடைசியில் நம் நிலா மாதிரி ஒரே முகம் காட்டும். இழந்த கோண உந்தம் (சுழல்வதால் பொருளுக்கு இருக்கும் உந்தம்) சுற்றுப்பாதைக்குப் போய்ச்சேரும்.

பதில் (அரூர்): மெதுவாகச் சுழன்றால் துணையின் அதே இழுப்பு வேகமும் கூட்டும். தூரம் இரட்டித்தால் ஓத விசை (இப்படிப் புடைக்க வைக்கும் இழுவிசை) எட்டில் ஒன்றாகிவிடும், அதனால்தான் நெருங்கிய ஜோடிகளில் இத்தனை பலம். சித்திரையின் பாதை இன்னும் நீள்வட்டம்தான், வட்டமாகவில்லை.

பாலக்கோடு: சரி அண்ணா, இன்று ராத்திரி மறுபடி பார்க்கிறேன்.