மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவு: காப்பெட் வீதியா, குளக்கட்டு வழியா?

சில்லுக்காரன், கிளிநொச்சி:
ஆவணியில் நாங்கள் ஆறு பேர் இரண்டு நாள் சைக்கிள் ஓட வெளிக்கிடுகிறோம். முதல் நாள் இரணைமடுக் குளக்கட்டு, பிறகு ஏ9 வழியே மாங்குளம். மற்ற நாள் ஏ34 வீதியில் ஒட்டுசுட்டான், அங்கிருந்து உள்ளே இறங்கி முத்தையன்கட்டு, கற்சிலைமடு, முள்ளியவளை, வற்றாப்பளை. காப்பெட் போட்ட தார் வீதியை விட்டு இறங்காமல் போனால் மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்கு ஏறத்தாழ 50 கிலோமீற்றர்தான். ஒரு காலை வேளையில் முடிந்துவிடும். ஆனால் அப்படிப் போனால் ஆறு கண்ணில் படாது. வன்னியில் ஆறுகள் குளத்தில் போய்த் தங்குகின்றன. கனகராயன் ஆற்றை இரணைமடு மறித்து வைத்திருக்கிறது, பேராற்றை முத்தையன்கட்டு. மாரியில்தான் ஓட்டம்; ஆவணியில் ஆறு இருந்த இடத்தில் மணலும் மருதமரமும் நிற்கும். தண்ணீரைப் பார்க்கக் குளக்கட்டில் ஏறத்தான் வேண்டும். அதனால் கிரவல் வழிகளையும் சேர்த்திருக்கிறேன். பிழை இருந்தால் சொல்லுங்கள்.

வாடைக்காற்று, முள்ளியவளை:
தம்பி, பிழை இருக்கிறது. ஆவணியில் காடு காய்ந்து கிடக்கும். யானைக்கும் அந்தக் குளத்துத் தண்ணீர்தான். விடியற்காலையும் பின்னேரமும் அது இறங்கும் வழியில் நீங்கள் ஆறு பேர் சைக்கிளோடு நிற்கப் போகிறீர்கள். என் மருமகன் போன வருசம் அந்தப் பக்கம் ஒரு கிரவல் வழியில் பின் சில்லு சறுக்கி விழுந்து தோள்மூட்டு விலகிப்போனது. போனுக்குச் சிக்னல் இல்லை. விறகு ஏற்றப் போன ஒரு லான்ட்மாஸ்ரர் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) வரும்வரை ஒன்றரை மணித்தியாலம் மரத்தடியில் கிடந்தான். மெல்லிய ரயர் சைக்கிள் அந்த வழிக்கு ஆகாது. நெருஞ்சி முள்ளுக்கு எத்தனை தரம் ரியூப் ஒட்டுவீர்கள்?

காப்பெட் வீதியிலேயே போங்கள். திசையும் நல்லது: அப்போது தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று வீசும், மாங்குளத்திலிருந்து கிழக்கே போகிறவனை முதுகில் தள்ளிக்கொண்டு போகும். பார்க்க வேண்டியதற்காகக் காட்டுக்குள் போகவும் தேவையில்லை. ஒட்டுசுட்டானில் தான்தோன்றீஸ்வரர், பக்கத்திலேயே வெள்ளைக்காரனோடு சண்டை பிடித்த வன்னி அரசன் பண்டாரவன்னியன் விழுந்த கற்சிலைமடு, அப்புறம் வற்றாப்பளை அம்மன். வேறென்ன வேண்டும்?

சில்லுக்காரன்:
அண்ணை, மருமகனின் கதையைக் கேட்கக் கவலையாக இருக்கிறது. ஆனாலும் காப்பெட் வீதியில் ஆபத்து இல்லை என்பதை ஏற்க முடியவில்லை. வீதி நல்லதான பிறகு டிப்பர்கள் எந்த வேகத்தில் வருகின்றன என்று உங்களுக்கே தெரியும். யானைக்கு நேரம் இருக்கிறது. காலை 8 மணிக்குப் பிறகு கட்டுக்குப் போய் 10 மணிக்குள் தார் வீதிக்குத் திரும்பலாம். டிப்பருக்கு நேரமே இல்லை.

இன்னொன்று. பண்டாரவன்னியன் கற்சிலைமடுவில் விழவில்லை. 1803 ஆகஸ்ட் 25-இல் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்தார். அதே வருசம் ஒக்ரோபர் 31-இல் கப்டன் வொன் டிறிபேர்க்கின் படை கற்சிலைமடுப் பக்கம் அவரைத் தோற்கடித்தது. அங்கே வெள்ளைக்காரன் நட்ட கல்லிலும் தோற்கடித்தது என்றுதான் இருந்தது, கொன்றது என்று இல்லை. அதற்குப் பிறகும் அவர் வருசக்கணக்கில் இருந்தார். அந்த ஊரால் போகிறவன் இதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும் என்று நினைக்கிறேன். அதனால்தான் நின்று நின்று போகிற வழி கேட்கிறேன்.

பாலைநிழல், துணுக்காய்:
இரண்டு பேரும் வழியைப் பற்றிக் கதைக்கிறீர்கள். வழியில் இருக்கிற சனத்தைப் பற்றியும் கதைக்க வேண்டும். ஆவணி, புரட்டாதி என்றால் சிறுபோக அறுவடை. காயவிட எங்களுக்கு வேறு தளம் இல்லை, வீதிக்கரையில் படங்குச் சீலை விரித்துத்தான் நெல்லைப் போடுகிறோம். போன முறை ஒரு சைக்கிள் கூட்டம் எங்கள் வீட்டுக்கு முன்னால் நெல்லுக்கு மேலால் ஓடிப் போனது. ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அம்மா அன்று முழுக்கக் குந்தியிருந்து மண் பொறுக்கினா.

எங்களுக்கும் சைக்கிள் தெரியும். யுத்தத்தில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் பெற்றோல் இல்லை. விறகு, நெல்மூட்டை, காய்ச்சல்காரப் பிள்ளை எல்லாம் கரியரில்தான். நான் மல்லாவிக்குப் படிக்கப் போனதும் அண்ணாவின் சைக்கிள் பாரில் இருந்துதான். அதனால் சைக்கிளில் வருகிறவர்களைக் கண்டால் எனக்குச் சந்தோசமாகவே இருக்கும். இறங்கி உருட்டிக்கொண்டு போனால் போதும்.

இன்னொரு வழியும் சொல்கிறேன். கிழக்கே போகாமல் மாங்குளத்திலிருந்து மேற்கே மல்லாவி, துணுக்காய் வழியாக வெள்ளாங்குளம் வரை வாருங்கள். ஏறத்தாழ 40 கிலோமீற்றர். பாலியாற்றை மறித்த வவுனிக்குளம் அந்தப் பக்கம்தான். எல்லாளன் காலத்துக் குளம் என்று ஊரில் சொல்வார்கள். ஊர்கள் சூழ்ந்த குளம் அது, கட்டில் ஏறினால் ஆள் நடமாட்டம் இருக்கும், தண்ணீர் திறந்துவிடுகிற துருசடியில் பிள்ளைகள் குளித்துக்கொண்டிருப்பார்கள்.

வாடைக்காற்று:
பிள்ளை சொல்கிற வழி நல்ல வழி. ஆனால் ஆவணியில் கூடாது. சோளகம் நேரே முகத்தில் அடிக்கும். பாலம் தாண்டி வெளியான இடம் வந்தால் உழக்க உழக்க சைக்கிள் நிற்கிற மாதிரி இருக்கும். அதில் ஓடி நான் அழாத குறை. கல்லைப் பற்றித் தம்பி சொன்னது சரி, பள்ளிக்கூடத்தில் கேட்டதை அப்படியே சொல்லிவிட்டேன். யானையைப் பற்றி என் பேச்சு மாறாது.

சில்லுக்காரன்:
சரி அண்ணை. ஆவணியில் கிழக்கே போகிறோம், முத்தையன்கட்டுக்குப் போகிற உள்வழியை விட்டுவிட்டேன். இரணைமடுக் கட்டை விட மாட்டேன், அது கிளிநொச்சிக்குப் பக்கம், எந்நேரமும் ஆட்கள் வந்துபோகிற இடம். மிதிவெடிப் பலகை கண்ட இடத்தில் ஒதுங்கக்கூட இறங்க மாட்டோம் என்று எல்லாரிடமும் சொல்லியாயிற்று. நெல் காய்கிற இடத்தில் உருட்டிக்கொண்டு போவோம் அக்கா, அதற்கு நான் பொறுப்பு.

மேற்கு வழி தைக்கு. அப்போது வாடை முதுகில் இருக்கும், பாலியாற்றிலும் தண்ணீர் இருக்கும். வவுனிக்குளம் வான் பாய்வதைப் பார்க்கக் கிடைக்குமா அக்கா?

பாலைநிழல்:
மழையைப் பொறுத்தது. பொங்கல் முடிந்த கையோடு வாருங்கள். பிந்தினால் காலபோக நெல் வீதிக்கு வந்துவிடும். வரும் கிழமையை முன்கூட்டியே எழுதுங்கள், ஆறு பேருக்கும் எங்கள் வீட்டில் தேத்தண்ணி.