எடை கூடிய பிள்ளைக்கு மோர், தயிர்: பழக்கியவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். என் மகனுக்கு 14 வயது. எடை அதிகம், கழுத்தின் பின்புறம் கருத்திருக்கிறது. எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாத ரத்தச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் பரிசோதனை) 5.8 சதவீதம். இது 5.7-லிருந்து 6.4 வரை இருந்தால் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை என்றும், இன்சுலின் சரியாக வேலை செய்யாததால்தான் கழுத்து கருக்கிறது என்றும் டாக்டர் விளக்கினார்.

குளிர்பானத்தை நிறுத்திவிட்டு மோர் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். வாரம் 2 கப் தயிராவது சாப்பிட்டால் இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு குறையலாம் என்று பாக்கெட்டில் அச்சிட, 2024 மார்ச்சில் அமெரிக்காவின் உணவு, மருந்து கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. ஒப்புக்கொண்டது. ஆனால் ஆதாரம் குறைவு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டுமாம். அதனால் தயிரை மருந்தாக நம்பவில்லை. சர்க்கரைத் தண்ணீரின் இடத்தை மோர் பிடித்தால் அதுவே பெரிய லாபம்.

சிக்கல் என்னவென்றால், அவனுக்குப் பிடித்தது கடை லஸ்ஸியும் ஸ்ட்ராபெர்ரி யோகர்ட்டும்தான். இரண்டிலும் சர்க்கரை. தயிர் சாதம் கொடுத்தாலோ சாதத்தின் அளவு ஏறிவிடுகிறது.

இந்த வயதில் இனிப்பில்லாத தயிருக்கு எப்படிப் பழக்கினீர்கள்? சாதம் இல்லாமல் வேறு எதோடு கொடுக்கிறீர்கள்? கொழுப்பு நீக்கிய பாலில் உறை ஊற்றுவது நல்லதா? உணவியல் நிபுணர்கள் இருந்தால் தயவுசெய்து பதில் போடுங்கள். அப்புறம், பட்டினி போடும் யோசனை மட்டும் வேண்டாம், வளரும் பிள்ளை.